“மனைதான் சார், வீட்டைக் கணக்குல எடுக்காதீங்க”: உறையூரில் ஒரு 1979 வீட்டை வாங்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாங்கியவர்கள் நாற்பதுகளில் இருக்கும் தம்பதி. கணவர் வங்கி ஊழியர், மனைவி பள்ளி ஆசிரியை. பள்ளியில் படிக்கும் ஒரு மகள், எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள மாமியார். வெளியூர்ப் பணி முடிந்து 2023-ல் திருச்சிக்கு மாற்றல் கிடைத்ததும் வீடு தேட ஆரம்பித்தார்கள். சொந்த ஊரில் ஒரு மனையை விற்றதும் சேமிப்பும் சேர்த்துக் கையில் 38 லட்சம் ரூபாய் இருந்தது. மாதத் தவணை ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று அவர்களே ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

வயலூர் சாலைப் பக்கம் அடுக்குமாடிகளைப் பார்த்தார்கள். மாமியாருக்கு லிஃப்ட் நின்றால் என்ன செய்வது என்ற கவலை. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டி விற்கும் தனி வீடுகளையும் பார்த்தார்கள். பளபளப்பாக இருந்தன, ஆனால் பள்ளி, மருத்துவமனை எல்லாம் தொலைவு. இப்படி அலைந்துகொண்டிருந்தபோது, தரகர் உறையூரை ஒட்டிய ஒரு தெருவில் வண்டியை நிறுத்தி, “போற வழிதான், ஒரு மனை இருக்கு, பார்த்துட்டுப் போயிடலாம்” என்றார். அவர் மனை என்று சொன்ன இடத்தில் ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது.

30-க்கு 50 அடி இடம், 1,500 சதுர அடி. அதில் சுமார் 900 சதுர அடிக்கு, மாடி இல்லாமல் 1979-ல் கட்டிய வீடு. கட்டியவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் நான்கு பேர், எல்லோரும் வெளியூர். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. கேட்ட விலை 72 லட்சம். “மனை விலைதான் சார் சொல்றேன், வீட்டைக் கணக்குல எடுக்காதீங்க. இடிச்சுட்டுக் கட்டிக்கலாம்” என்று தரகர் சொல்லியிருக்கிறார். வீட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்ல என்னை அழைத்தது இதற்குப் பிறகு. வாங்குவதற்கு முன் கட்டடங்களைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். பெயர்களையும் தெருவையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டவை

பாசிப்பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர்கள், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் உப்புப் பூத்திருந்தது. கூடம் குறுகலாக, பகலிலும் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டாக இருந்தது. தரையில் ஓரம் சுருண்ட பிளாஸ்டிக் விரிப்பு. சமையலறையில் கரி படிந்த கடப்பா மேடை. கழிப்பறை கொல்லையில். பின்பக்கம் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஒரு வருடத்துக்கு மேலாக வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே இடிக்கும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் தவறு சொல்ல முடியாது.

பழைய வீட்டுக்குள் போனால் நான் முதலில் செய்வது, கட்டியபோது இருந்ததையும் பிற்பாடு சேர்த்ததையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது. இந்த வீட்டில் அந்த வேலை சுலபமாக இருந்தது. கூடத்தின் நடுவே ஓடிய சுவர் நாலரை அங்குலக் கனம்தான், மற்ற சுவர்களெல்லாம் ஒன்பது அங்குலம். தட்டினால் சத்தமே வேறு. அது மேலே கூரைத் தளத்தைத் தொடும் இடத்தில் மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. தளம் அதன்மேல் உட்காரவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டதில் விஷயம் தெரிந்தது. தொண்ணூறுகளில் பாதி வீட்டை வாடகைக்கு விட, இரண்டு போர்ஷனாகப் பிரித்தபோது எழுப்பிய சுவர் அது. சமையலறை இருட்டாக இருந்ததற்குக் காரணம் பின்னால் இறக்கிய கொட்டகை, ஜன்னலையே மூடியிருந்தது. ஜன்னல்களுக்கு மேலே இருந்த காற்றுப்போக்கிகளை ஏ.சி.க்காகப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

ஆக, வந்தவர்கள் வேண்டாம் என்று சொன்ன இருட்டும் குறுகலும் 1979-ல் இல்லாதவை. தளத்தின் உயரம் பதினோரு அடி. கிழக்கே வாசல், மேற்கே கொல்லை, இரண்டுக்கும் நேர்கோட்டில் கதவுகள். கொல்லைக் கதவைத் திறந்ததும் மாமியார், “ஏம்மா, இந்த வீட்ல காத்து வருது பாரு” என்று மருமகளிடம் சொன்னார். அடுக்குமாடிகளைப் பார்த்த நாட்களில் அவர் வாயே திறக்கவில்லையாம்.

காகிதங்கள்

கட்டடத்தை மேற்கொண்டு சோதிப்பதற்கு முன் காகிதங்களைப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. அதற்குச் செலவு குறைவு, அதில் சிக்கல் இருந்தால் மற்றதெல்லாம் வீண். வில்லங்கச் சான்று அப்போது பதிவுத் துறை இணையதளத்தில் 1975-லிருந்து கிடைத்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடினார்கள். மூலப்பத்திரம் சரியாக இருந்தது. இடம் தனியார் பட்டா. கோயில் ஊர்களில் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அடிமனை கோயிலுடையதாக இருந்து, மேலே உள்ள கட்டடத்தை மட்டும் கைமாற்றும் வீடுகள் உண்டு.

இழுபறி வாரிசுகள் பக்கம் இருந்தது. உயில் இல்லை. நால்வரில் ஒருவர் மஸ்கட்டில். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆன அவகாசத்தைத்தான் கட்டடத்தைச் சோதிக்கப் பயன்படுத்திக்கொண்டோம். பழைய வீடு வாங்குகிறவர்கள் சுவருக்குப் பயப்படுகிற அளவுக்கு வாரிசுப் பட்டியலுக்குப் பயப்படுவதில்லை. நான் பார்த்த வரையில் வியாபாரம் முறிவது பெரும்பாலும் இரண்டாவதால்தான்.

கட்டடத்தைச் சோதித்தது

1979 என்ற வருடமே சில தகவல்களைச் சொல்லிவிடும். அப்போது சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது, பெர்மிட் இருந்தால்தான் மூட்டை கிடைக்கும். 1982-ல்தான் அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. அதனால் அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்களில் பலர் கிடைத்த சிமெண்டைத் தளத்துக்கு ஒதுக்கிவிட்டு, சுவரைச் சுண்ணாம்புக் கலவையில் எழுப்பினார்கள். இங்கேயும் அப்படித்தான். பூச்சை ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தால் செங்கல் இடுக்கில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. கெட்டியாகத்தான் இருந்தது, சாவியால் சுரண்டினால் பொடி உதிரவில்லை.

இன்னொரு தகவல் அடித்தள உயரம். 1977 நவம்பர் புயல் மழையில் திருச்சியில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் வீடு கட்டியவர் அதை மறந்திருக்க மாட்டார். தரைமட்டத்திலிருந்து மூன்றரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார். இன்று சாலையிலிருந்து அளந்தால் ஒன்றே முக்கால் அடிதான் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டு, சாலை வளர்ந்துவிட்டது. 2005 வெள்ளத்தில் வாசல்படி வரை தண்ணீர் வந்ததாகவும் உள்ளே வரவில்லை என்றும் எதிர்வீட்டில் சொன்னார்கள். பழைய வீடுகளில் வாங்கிய பிறகு மாற்றவே முடியாத குறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். சாலைக்குக் கீழே போய்விட்ட வீடாக இருந்திருந்தால், இடிக்கச் சொல்லித்தான் நானும் எழுதியிருப்பேன்.

அடுத்தது தளம். சிறு சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப் பார்த்தோம். கூடத்திலும் இரண்டு அறைகளிலும் ஒரே மாதிரி ‘ணங்’ என்ற கெட்டிச் சத்தம். உள் குளியலறையின் மேலே மட்டும் பொத்தென்றது. ஒரு மூலையில் காரை விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. துரு ஏறிய கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தானே தள்ளிவிடும். அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தளத்தின் அடியில் சிறிதாகக் கொத்தி, புதிதாக உடைந்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். காங்கிரீட்டின் காரத்தன்மை குறையாத இடம் அடர் ரோஜா நிறமாகும். காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவிக் காரத்தன்மை போன இடம் நிறம் மாறாது. அந்த நிறம் மாறாத பகுதி கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். கூடத்தில் கம்பி 20 மி.மீ. ஆழத்தில் இருந்தது, நிறம் மாறாத பகுதி சுமார் 12 மி.மீ. ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம், “இந்த ரோஜா நிறத்துக்குத்தான் நீங்க காசு கொடுக்கப்போறீங்க” என்றேன். குளியலறையில் கம்பி வரை எங்கும் நிறமே வரவில்லை. முன்பக்க சன்ஷேடிலும் அதே நிலை. 

மற்றவை சுருக்கமாக. மின்சார வயரிங் மரப்பட்டியில் ஓடியது, பீங்கான் ஃப்யூஸ், எர்த் இல்லை. மொத்தமாக மாற்ற வேண்டியதுதான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய்கள் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, உள்ளே துரு அடைத்திருந்தது. நிலைக்கதவுகள் தேக்கு. சமையலறைக் கதவு நிலை மட்டும் நாட்டு மரம், கரையான் அரித்திருந்தது. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்திருந்தார்கள். பெரும்பாலும் நன்றாக இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மட்டும் ஓடுகள் கிளம்பியிருந்தன.

சுவர் ஓதத்துக்கான காரணம் கொஞ்சம் விசேஷமானது. எப்போதோ உப்பைத் தடுக்கிறேன் என்று அடிச்சுவரில் சிமெண்ட் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலரும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்ததும் ஈரம் பூச்சைத் தாண்டி மேலே ஏறியிருக்கிறது. உப்புக் கோடு சரியாக அந்தச் சிமெண்ட் பூச்சின் மேல்விளிம்பில் ஆரம்பித்தது.

விரிப்பைத் தூக்கியபோது கூடத்தில் கறுப்பு ஓரம் போட்ட சிவப்பு ஆக்சைடு தரை. ஓரிரு விரிசல், மற்றபடி முழுசாக இருந்தது. எல்லோரும் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். உண்மையில் வாங்கலாமா வேண்டாமா என்ற தீர்மானத்தில் தரைக்கு இடமே கிடையாது. ஆனால் மனசு மாறியது அந்த இடத்தில்தான் என்று பிற்பாடு மனைவி சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்பதே முதல் முடிவு. இடித்துவிட்டு அதே அளவுக்குக் கட்டினால், அப்போது கொத்தனார்கள் சொன்ன சதுர அடிக் கணக்கில் 25 லட்சம் ஆகியிருக்கும், இடிப்புச் செலவு தனி. கட்டி முடிக்கும்வரை வாடகை தனி. சிறிய மனைகளுக்குச் சுயசான்றில் கட்டட அனுமதி கிடைக்கும் வசதி இவர்கள் முடிவெடுத்த பிறகு, 2024 ஜூலையில்தான் வந்தது. எப்படியானாலும் இன்றைய விதிப்படி சுற்றிலும் இடம் விட வேண்டும். பழைய வீடு ஒரு பக்கம் எல்லையை ஒட்டி நின்றது. புதிதாகக் கட்டினால் அந்த அகலம் போய்விடும். வைத்துக்கொண்டு சீர்செய்தால் 17 லட்சம் என்று மதிப்பிட்டோம்.

இரண்டாவது, விலை. தரகர் கட்டடத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லி விற்றது இவர்களுக்குச் சாதகம்தான். சீர்செய்தால் எப்படி ஆகும் என்ற கற்பனைக்கு விற்பவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால், “வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது” என்று வாயைத் திறக்க வேண்டாம் என்று இருவரிடமும் சொன்னேன். சன்ஷேடு, குளியலறைத் தளத்தின் படங்களையும் சோதனை அறிக்கையையும் காட்டிப் பேசியதில் 63 லட்சத்துக்கு முடிந்தது.

மூன்றாவது, பணத்தைப் பிரித்தது. 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம். 63 லட்சத்துக்கு அது 50.4 லட்சம். மீதி 12.6 லட்சமும், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், சுமார் 5.7 லட்சமும் கையிலிருந்து போக வேண்டும். இந்தச் செலவை மதிப்பில் சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். கையில் மிச்சம் சுமார் 19.7 லட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் மீதமுள்ள ஆயுளைப் பார்த்தார், அதனால் கடன் காலம் 15 வருடத்துக்கு மேல் கிடைக்கவில்லை. தவணை ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. இடித்துக் கட்டும் வழியில் போயிருந்தால் இந்தக் கணக்கு எங்கேயும் கூடியிருக்காது.

நான்காவது, எதைத் தொடுவது, எதை விடுவது. போர்ஷன் சுவரையும் கொட்டகையையும் எடுப்பது. குளியலறைத் தளத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுவது. வயரும் குழாயும் முழுக்கப் புதிது. மாமியாரின் அறையை ஒட்டி வெஸ்டர்ன் கழிப்பறை, வாசலில் கைப்பிடி. கூடத்துத் தரையையும் தேக்குக் கதவுகளையும் அப்படியே வைத்துக்கொள்வது. சமையலறை கடைசியில், மிச்சப் பணத்தில். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. “சமையலறையிலே நிக்கப்போறது நான்தானே” என்றார். நியாயமான பேச்சுதான், ஆனாலும் தளமும் குழாயும் முடியாமல் அங்கே கை வைக்க முடியாது.

அதன் பிறகு நடந்தவை

2024 மார்ச்சில் பத்திரப் பதிவு, ஏப்ரலில் வேலை தொடங்கியது. போர்ஷன் சுவர் ஒரே நாளில் போனது. ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கினார்கள், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. கதவுகளில் பல கோட்டிங் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தது. பழைய பெயிண்ட்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாமல், கரைப்பான் தடவி வழித்தெடுத்தார்கள். தேக்கு வெளியே வந்தது.

சுண்ணாம்புப் பூச்சுத்தான் நாளை இழுத்தது. உள்ளூரில் கேட்ட கொத்தனார்கள், “சிமெண்ட்லயே வாட்டர் புரூஃப் கலந்து அடிச்சிடலாம்” என்றார்கள். பழைய தவறையே மறுபடி செய்வது அது. காரைக்குடிப் பக்கமிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவர் வந்தார். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, பூசி, ஒவ்வொரு பூச்சும் உலரக் காத்திருக்க வேண்டும். ஆவணியில் குடிபோவது என்ற திட்டம் இதனால் தள்ளிப்போனது. புரட்டாசியில் புதுமனை புகுவதில்லை என்பதால் ஐப்பசிதான் என்றாயிற்று. இரண்டு மாத வாடகை கூடுதல்.

செலவு 17 லட்சத்தில் நிற்கவில்லை. சன்ஷேடைப் பழுது பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தது, வெட்டியபோது கம்பியே பாதி கரைந்திருந்தது, முழுக்கப் புதிதாகப் போட்டார்கள். கொல்லையில் கழிவுக்குழாய் பாதாளச் சாக்கடை இணைப்புக்குப் போகும் வழியில் உடைந்திருந்ததும் தோண்டிய பிறகே தெரிந்தது. மொத்தம் 21 லட்சத்தில் முடிந்தது. கையிலிருந்த மிச்சம் தீர்ந்து, நகை வைத்துக் கொஞ்சம் புரட்டினார்கள். சமையலறைக்குத் திட்டமிட்ட அலமாரிகளில் பாதி இன்னும் வரவில்லை.

குடிபோன அதே மாதம் வடகிழக்குப் பருவமழை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஓரிடத்தில் கசிந்தது. ஓடுகளை எடுத்துவிட்டு, மூலையைச் சாய்வாக வளைத்துப் பூசியதும் நின்றது. அடுத்த கோடையில் சுவரைப் பார்க்கப் போனேன். உப்பு கிழக்குச் சுவரில் ஒரு முழம் அளவுக்கு மட்டும் மெலிதாகப் பூத்திருந்தது. முதல் ஒன்றிரண்டு வருடம் அப்படி வரும், துடைத்துவிட்டால் போதும். கூடத்தில் பகலில் விளக்குத் தேவைப்படவில்லை. சிவப்புத் தரையில் விரிசலை அடைத்த இடங்கள் நிறம் ஒட்டாமல் திட்டாகத் தெரிகின்றன. சிவப்பு ஆக்சைடில் அதைத் தவிர்க்க முடிவதில்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

கழிவுக்குழாயை விலை பேசுவதற்கு முன்பே சோதித்திருக்கலாம். ஒரு மணி நேரம் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, வெளியே கழிவுநீர் சேரும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்தாலே உடைசல் தெரிந்துவிடும். மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீர் இல்லாததால் அது நடக்கவில்லை. ஒரு லாரித் தண்ணீர் வரவழைத்திருந்தால் விலையில் இன்னும் கொஞ்சம் பேசியிருக்க முடியும்.

மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்கு கையில் வைத்துக்கொள்ளாமல் பழைய வீட்டில் இறங்குவது சரியில்லை. இந்தக் குடும்பம் வைத்திருந்தது அந்த அளவுக்கு இல்லை. வீட்டைச் சீரமைக்க வங்கிகள் தனிக்கடன் தருகின்றன. அதை வாங்கும்போதே சேர்த்துக் கேட்டிருந்தால் நகை அடகுக்குப் போயிருக்காது. தவணை வரம்பு தாண்டுமே என்று அவர்கள் தயங்கினார்கள்.

சுண்ணாம்பு வேலைக்காரரைப் பதிவு முடிவதற்கு முன்பே பிடித்து நாள் குறித்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சிலர்தான், கோடை முழுக்க வேலை நிரம்பியிருக்கும்.

பட்டா மாற்றத்தில் ஓர் எண் பிழையாக ஏறி, திருத்த மனு கொடுத்திருக்கிறார்கள். சமையலறை அலமாரி அடுத்த போனஸுக்கு என்று முடிவாகியிருக்கிறது.